கடலோர வீட்டின் உட்சுவர்களுக்குச் சுட்ட மண் நிறம் பொருந்துமா?

கீழக்கரை இல்லத்தரசி

அனைவருக்கும் வணக்கம். கீழக்கரையில் கடற்கரைக்கு அருகில் உள்ள எங்கள் வீடு இரண்டு வெவ்வேறு காலத்தைச் சேர்ந்தது. தெருவை ஒட்டிய முன்பகுதி என் உம்மாவுக்கு அவருடைய தாயார் வழியாக வந்தது; பவளப் பாறைக் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டப்பட்ட தடித்த சுவர்கள். பின்பகுதியில் உள்ள கூடமும் படுக்கையறைகளும் செங்கல் வைத்துச் சிமெண்டு பூசிக் கடந்த கோடையில் கட்டி முடிக்கப்பட்டவை. இதுவரை வீடு முழுவதும் வெள்ளைதான்.

கூடத்துக்கும் முன்னறைக்கும் டெரகோட்டா எனப்படும் சுட்ட மண் நிறம் தீட்ட வேண்டும் என்று நான் விரும்புகிறேன். ஆனால் வீட்டில் மூன்று எதிர்ப்புகள் உள்ளன. அறை இருண்டுவிடும் என்கிறார் என் கணவர். வெப்பம் கூடும் என்கிறார் வாப்பா. முன்னறைச் சுவரின் அடிப்பகுதியில் உப்புப் பூத்துப் பொருக்குப் பொருக்காக உதிர்வதால், எந்த வண்ணம் தீட்டினாலும் நிற்காது என்கிறார் உம்மா. இந்தக் கடற்கரையில் வாழ்ந்து பார்த்தவர்களின் கருத்து எனக்குத் தேவைப்படுகிறது.

இராமநாதபுரம் உள்வடிவமைப்பாளர்

சகோதரிக்கு வணக்கம். நிறம் குறித்த ஐயத்துக்கு மட்டும் நான் விடை சொல்கிறேன். உப்பைப் பற்றி அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

ஒரு நிறம் தன் மீது விழும் ஒளியில் எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது என்பதை வண்ண நிறுவனங்கள் ஓர் எண்ணால் குறிக்கின்றன. தூய வெள்ளைக்கு அது 80க்கு மேல் இருக்கும். அடர்ந்த டெரகோட்டாவுக்குப் பெரும்பாலும் 15 முதல் 30 வரை. ஆகவே நான்கு சுவர்களையும் அடர்நிறமாக்கினால் அறை இருளும் என்று உங்கள் கணவர் சொல்வது சரியே. ஆனால் ஒரு சுவர் மட்டும் அடர்ந்தும், மற்ற மூன்றும் மேற்கூரையும் மஞ்சள் சாயல் கொண்ட இளவெள்ளையாகவும் இருந்தால், பகலில் விளக்குப் போட வேண்டிய நிலை வராது. எந்தச் சுவரைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் கவனம் தேவை. சன்னல் இருக்கும் சுவருக்கு அடர்நிறம் தீட்டக் கூடாது. சன்னலின் வெளிச்சத்துக்கு அருகில் அந்தச் சுவர் கருமையாகத் தெரிந்து கண்ணை உறுத்தும். சன்னலுக்கு எதிர்ச் சுவரே ஏற்றது. ஒளி நேராக அதன் மீது விழுந்து, வெதுவெதுப்பான சாயலுடன் அறைக்குள் பரவும்.

உங்கள் ஊரில் கடல் தெற்கே இருக்கிறது. நமது அட்சரேகை ஏறத்தாழ 9 பாகை வடக்கு என்பதால், ஐப்பசி முதல் மாசி வரை சூரியன் தெற்கே சாய்ந்து, தெற்குச் சன்னல் வழியாக வெயில் உள்ளே வரும். ஆனி மாதத்தில் அதுவே உச்சிக்குச் சற்று வடக்கே போய்விடும். வெயில் நேராக வராத மாதங்களில் தெற்குச் சன்னல் தருவது வானத்திலிருந்தும் கடல்நீரிலிருந்தும் வரும் நீலச் சாயல் ஒளி. நீலத்தின் பக்கத்தில் செம்மை மேலும் தூக்கலாகத் தெரியும் என்பதால், கடையில் அட்டையைப் பார்க்கும்போது மிதமாகத் தோன்றும் நிறம் உங்கள் கூடத்தில் கூடுதல் சிவப்பாகத் தெரியும். அட்டையில் நீங்கள் விரும்பும் நிறத்தைவிட ஒரு படி மங்கலான, சற்றுப் பழுப்பு கலந்த நிறத்தையே எடுங்கள்.

பாம்பன் வாசி

உள்வடிவமைப்பாளர் ஐயா சொன்னதில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். ஆனால் ஒரே ஒரு சுவரை மட்டும் தனித்துக் காட்டும் முறை எல்லா அறைகளுக்கும் பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. எங்கள் வீட்டின் சிறிய படுக்கையறையில் நான்கு சுவர்களும் சுட்ட மண் நிறம்தான். மேற்கூரை மட்டும் இளவெள்ளை. படுக்கையறையில் நாம் பெரும்பாலும் இரவில் இருக்கிறோம். இரவில் நான்கு சுவர்களும் ஒரே நிறமாக இருக்கும்போது கிடைக்கும் அமைதியை ஒற்றைச் சுவர் தருவதில்லை. வண்ணத்தைப் பகல் வெளிச்சத்தை வைத்து மட்டுமே முடிவு செய்வது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

இரவு என்றதும் விளக்கு முக்கியமாகிறது. விளக்கொளியின் சாயலைக் கெல்வின் என்ற அளவால் குறிப்பார்கள்; எண் கூடக் கூட ஒளி நீலமாகும். நம் பகுதியில் ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் 6500 கெல்வின் அளவுள்ள நீலவெள்ளை டியூப் லைட்டுதான் எரிகிறது. அந்த ஒளியில் சுட்ட மண் நிறம் தன் உயிரை இழந்து, சாம்பல் கலந்த பழுப்பாக மாறிவிடுகிறது. 2700 அல்லது 3000 கெல்வின் அளவுள்ள எல்.இ.டி. விளக்குக்கு மாறினால், அதே சுவர் மாலைநேர மண்ணைப் போல் ஒளிரும். விளக்கு வாங்கும்போது பெட்டியின் மீது சி.ஆர்.ஐ. என்று அச்சிட்டிருக்கும் எண்ணையும் பாருங்கள். பொருள்களின் நிறத்தை அந்த விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு அது. 80 என்பது பொதுவாகக் கிடைப்பது. 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் சிவப்புச் சாயல்கள் உள்ளபடி தெரியும். வண்ணத்துக்குச் செலவழித்துவிட்டுப் பழைய டியூப் லைட்டையே தொடர்ந்தால், அந்தச் செலவில் பாதி வீண் என்பேன். படிக்கும் மேசைக்கு வெள்ளை ஒளி வேண்டும் என்றால் அங்கே மட்டும் தனி விளக்கு வைத்துக் கொள்ளலாம்.

தொண்டி கட்டடப் பொறியாளர்

இழையைத் தொடங்கிய சகோதரிக்கு: உங்கள் உம்மா சொன்னதைத்தான் முதலில் கேட்க வேண்டும். நிறமும் விளக்கும் அதற்குப் பின்னரே வருகின்றன. இந்தக் கடற்கரையில் சுவர் வண்ணம் கெடுவதற்குப் பெரும்பாலும் வண்ணம் காரணமல்ல. சுவருக்குள் இருக்கும் உப்புதான் காரணம்.

அது நடக்கும் விதத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். உவர் நிலத்தடி நீர் அடித்தளத்திலிருந்து சுவருக்குள் மெல்ல ஏறுகிறது. பொதுவாக மூன்று நான்கு அடி உயரத்தில் அது ஆவியாகி வெளியேற, உப்பு மட்டும் சுவரின் மேற்பரப்புக்குக் கீழே தங்குகிறது. கழுவப்படாத கடல் மணலையோ உவர் நீரையோ பூச்சுக்குப் பயன்படுத்தியிருந்தால், கட்டும்போதே உப்பு உள்ளே போய்விடுகிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரையும். அதற்குக் கீழே இறங்கும்போது மீண்டும் படிகமாகும். நம் கடற்கரையில் இரவில் அந்த அளவு தாண்டுவதும் நண்பகலில் குறைவதும் மிகச் சாதாரணம். ஆகவே மழையே இல்லாத மாதத்திலும் உப்பு கரைந்து, காய்ந்து, மீண்டும் கரைந்து, ஒவ்வொரு முறை படிகமாகும்போதும் பூச்சைப் பின்னாலிருந்து தள்ளிக் கொண்டே இருக்கிறது. பட்டி பார்த்து (மாவுப் பூச்சால் சுவரை வழவழப்பாக்கி), எமல்ஷன் எனப்படும் நீர் கலந்து அடிக்கும் செயற்கை வண்ணத்தை அடித்த சுவரில் அது கொப்புளமாக எழும்பி உதிர்கிறது. அடர்நிறத்தின் மீது வெள்ளை உப்பு பூக்கும்போது அது எல்லோர் கண்ணிலும் படும். வெள்ளைச் சுவரில் அதே உப்பு பல ஆண்டுகள் கவனிக்கப்படாமல் இருந்திருக்கும். சுட்ட மண் நிறம் உப்பை வரவழைப்பதில்லை, உப்பைக் காட்டிக் கொடுக்கிறது.

உங்கள் முன்னறைக்கு நான் சொல்வது இதுதான்: அந்தச் சுவருக்கு எமல்ஷன் வேண்டாம், சிமெண்டுப் பட்டியும் வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடக் கூடியது. அதன் மீது நீராவி புகாத படலம் போர்த்தினால் ஈரம் இன்னும் மேலே ஏறி, இதுவரை நன்றாக இருந்த பகுதியையும் கெடுக்கும். சிலர் அடிப்பகுதியில் மூன்றடிக்கு டைல்ஸ் ஒட்டி மறைத்துவிடுகிறார்கள். சில ஆண்டுகளில் டைல்ஸுக்கு மேலே நான்காவது அடியில் உப்பு பூக்கும். உதிர்ந்த பூச்சை ஈரக்கறை தெரியும் இடத்துக்கு மேலே ஓர் அடி வரை கொத்தி எடுத்து, உலர்ந்த தூரிகையால் உப்பைத் துடைத்து அள்ளி அப்புறப்படுத்துங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து சுவருக்குள்ளேயே திரும்பிவிடும். பிறகு நல்ல ஆற்று மணலும் சுண்ணாம்பும் கொண்டு மறுபூச்சு செய்யுங்கள். கல்லே அரித்துப் போயிருந்தால் செங்கல் வைத்துச் சரிசெய்யலாம். புதிதாகப் பவளக் கல் தேட வேண்டாம். பவளப்பாறைகள் 2001ஆம் ஆண்டிலேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டன. அவற்றை எடுப்பதோ விற்பதோ குற்றம். நம் மன்னார் வளைகுடாவில் எஞ்சியிருக்கும் பவளப்பாறைகளைக் காப்பது நமது கடமையும் ஆகும்.

புதிய பின்பகுதியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. சிமெண்டுப் பூச்சு குறைந்தது 28 நாள் ஆற வேண்டும். உங்கள் சுவர் ஒரு மழைக்காலத்தையே கடந்துவிட்டது. சுவரில் ஒரு சதுர அடி அளவுக்குப் பாலிதீன் தாளை நான்கு புறமும் ஒட்டி, மறுநாள் அதன் உட்புறத்தில் நீர்த்துளி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தாராளமாக எமல்ஷன் அடிக்கலாம்.

சாயல்குடி சுண்ணாம்பு மேஸ்திரி

பொறியாளர் ஐயா சொன்னதற்குப் பிறகு என் வேலை எளிதாகிவிட்டது. அம்மா, உங்கள் முன்னறைக்குச் சுண்ணாம்பிலேயே காவி கலந்து அடிக்கலாம். அதுதான் உண்மையான சுட்ட மண் நிறம். செங்கல்லையும் மண்பானையையும் சிவக்க வைப்பது எந்த இரும்புத் துருவோ, காவியில் இருப்பதும் அதுவே. அது வெயிலில் வெளிறாது, சுண்ணாம்பின் காரத்திலும் கெடாது. கடைகளில் கிடைக்கும் எல்லாச் சிவப்புப் பொடிகளும் அப்படிப்பட்டவை அல்ல; சில பொடிகள் சுண்ணாம்பில் கலந்ததும் நிறம் மாறிவிடும். ரெட் ஆக்சைடு, மஞ்சள் ஆக்சைடு என்று கேட்டு வாங்குங்கள். சிவப்பு ஆக்சைடு மட்டும் போட்டால் இளஞ்சிவப்பு அடிக்கும். மஞ்சள் ஆக்சைடு சேர்த்தால்தான் ஓட்டு நிறம் வரும்.

கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்றி, நீருக்கடியில் ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டிப் பாலாக்கிக் கொள்ள வேண்டும். நீற்றும்போது கொதிக்கும், குழந்தைகளை அருகில் விடாதீர்கள், கண்ணாடி அணியாமல் யாரும் கிளற வேண்டாம். பொடியின் எடை சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது; தாண்டினால் கையில் ஒட்டிக் கொண்டு வரும். பொடியை முதல் நாள் இரவே தண்ணீரில் கரைத்து வைத்தால் கட்டி தட்டாது. சுவரை நீர் தெளித்து நனைத்துவிட்டு, பாலைப் போல் மெல்லியதாக நான்கு ஐந்து முறை அடிக்க வேண்டும். ஈரத்தில் அடர்ந்த செம்மண்ணாகத் தெரிவது, காய்ந்ததும் பல படிகள் வெளுத்துவிடும். இதைக் கண்டு பயந்து பலர் பொடியை அள்ளிப் போட்டுக் கெடுக்கிறார்கள். சுவரின் ஓரத்தில் ஒரு துண்டு அடித்துக் காயவிட்டுப் பார்த்த பிறகே அளவை முடிவு செய்யுங்கள்.

பிடிமானத்துக்குச் சிறிது வஜ்ஜிரமோ (விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் பசை), இப்போது எல்லோரும் செய்வது போல் செயற்கைப் பசையோ சேர்க்கலாம்.

தொண்டி கட்டடப் பொறியாளர்

மேஸ்திரி ஐயாவின் செய்முறையை மதிக்கிறேன். கடைசி வரியில் மட்டும் உடன்படவில்லை. செயற்கைப் பசையை அதிகம் சேர்த்தால் சுண்ணாம்பின் நுண்துளைகள் அடைபட்டு, நாம் எதற்காகச் சுண்ணாம்பைத் தேர்ந்தெடுத்தோமோ அந்த நன்மையே போய்விடும். உப்புள்ள சுவரில் சுண்ணாம்பு மெல்ல உதிர்வது குறையல்ல; உப்பைத் தன்னோடு எடுத்துக் கொண்டு உதிர்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு கோட்டு அடித்துக் கொள்வது, எமல்ஷனைச் சுரண்டி எடுத்துப் பட்டியை மீண்டும் பார்ப்பதைவிடப் பல மடங்கு எளிது, செலவும் குறைவு.

சாயல்குடி சுண்ணாம்பு மேஸ்திரி

ஐயா, அடிப்பகுதிக்கு நீங்கள் சொல்வது சரி. அங்கே பசை வேண்டாம். ஆனால் ஆட்கள் தோள் உரசிப் போகும் இடைகழியில் காவிச் சுண்ணாம்பு வெள்ளை உடையில் ஒட்டினால் வீட்டார் நம்மைத்தான் கேட்பார்கள். அந்த இடத்துக்கு மட்டும் வடித்த அரிசிக் கஞ்சியைச் சிறிது சேர்த்துக் கொள்வது என் வழக்கம்; செயற்கைப் பசையை விட்டுவிடுகிறேன். இன்னொன்று: ஏற்கெனவே எமல்ஷனோ டிஸ்டெம்பரோ அடித்த சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது. முழுவதும் சுரண்டி எடுத்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

கீழக்கரை இல்லத்தரசி

மேஸ்திரி காக்காவுக்கும் (எங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் அழைப்போம்) பொறியாளர் ஐயாவுக்கும் மிக்க நன்றி. முன்னறையில் இதுவரை சுண்ணாம்பு வெள்ளை மட்டுமே அடித்திருக்கிறோம், எமல்ஷன் தொடவில்லை. அது நல்லதாகப் போயிற்று. வெப்பம் பற்றிய வாப்பாவின் ஐயத்துக்கு இன்னும் விடை வரவில்லை. கூடத்தின் தரையில் சிவப்பு ஆக்சைடு பூசியிருக்கிறோம் என்பதையும் சொல்ல மறந்துவிட்டேன். தரையும் சிவப்பு, சுவரும் சிவப்பு என்றால் மிகையாகிவிடுமா?

தொண்டி கட்டடப் பொறியாளர்

வெப்பம் குறித்துச் சுருக்கமாக: உட்சுவரின் நிறம் வீட்டை வெப்பமாக்குவதில்லை. அதன் மீது விழுவது சன்னல் வழியாக வரும் ஒளி மட்டுமே. வெயில் நேராக விழும் மேற்குச் சன்னலின் எதிர்ச் சுவரில் மட்டும் சிறிதளவு வேறுபாடு தெரியலாம்; சன்னலுக்கு மேலே ஒரு சாய்ப்பு இறக்கினால் அதுவும் தீரும். வீட்டை வாட்டுவது மேல்தளமும் மேற்கு வெளிச்சுவரும்தான். மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடியுங்கள், வெளிச்சுவரை வெளிர் நிறமாக வைத்துக் கொள்ளுங்கள். உள்ளே எந்த நிறமானாலும் வாப்பா கவலைப்பட வேண்டியதில்லை.

இராமநாதபுரம் உள்வடிவமைப்பாளர்

சிவப்புத் தரை என்ற செய்தி என் ஆலோசனையைச் சற்று மாற்றுகிறது. சிவப்பு ஆக்சைடு தரையில் குளிர்ந்த, நீலம் கலந்த செம்மை உண்டு. டெரகோட்டாவில் ஆரஞ்சு சாயல் உண்டு. இரண்டும் நேராகச் சந்திக்கும் இடத்தில் ஒன்று மற்றதை அழுக்காகக் காட்டும். ஆகவே இரண்டுக்கும் நடுவே இடைவெளி கொடுங்கள். தரையோரத்தில் நான்கு அங்குலத்துக்குக் கருப்பு அல்லது இளவெள்ளைப் பட்டை ஓடினாலே போதும். செட்டிநாட்டு வீடுகளின் ஆத்தங்குடிக் கல் தரைகளில் ஓரப் பட்டைக்கு ஏன் அவ்வளவு முக்கியத்துவம் தருகிறார்கள் என்பதைக் கவனித்தால், இந்த நோக்கம் விளங்கும்.

சிவப்பைச் சுவர் முழுவதும் பரப்புவது நம் மண்ணுக்குப் புதிதல்ல என்பதையும் வீட்டாரிடம் சொல்லுங்கள். இராமநாதபுரம் அரண்மனையில் உள்ள இராமலிங்க விலாசத்துக்கு அவர்களை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில் வரையப்பட்ட சுவரோவியங்கள் அங்கே சுவர்களையும் வளைவுகளையும் நிறைத்திருக்கின்றன. அவற்றில் காவிச் சிவப்பு மேலோங்கி நிற்கிறது. அந்தச் சிவப்பு கண்ணை அடிப்பதில்லை. மஞ்சளும் இளவெள்ளையும் சிறிது நீலமும் அதனோடு கலந்து நிற்பதால் அந்த நிதானம் கிடைக்கிறது. வீட்டுக்கும் அதே அளவைப் பின்பற்றலாம்: இளவெள்ளை பெரும்பகுதி, சுட்ட மண் நிறம் அடுத்து, கருநீலம் மிகச் சிறிது. நீலத்தைச் சுவரில் தீட்ட வேண்டாம். ஒரு மெத்தை உறையிலோ திரைச்சீலையின் கரையிலோ வைத்துக் கொள்ளுங்கள். மற்றபடி பனையோலைக் கொட்டான்கள், கோரைப்பாய், மானாமதுரை மண்பானை ஆகியவை நம் பக்கத்திலேயே கிடைக்கின்றன. அவற்றின் இயல்பான நிறம் இந்தச் சுவருக்கு முன்னால் மிக நன்றாக எடுபடும்.

வெள்ளையைத் தேர்ந்தெடுக்கும்போதும் கவனம் வேண்டும். நீலம் கலந்த பளிச்சென்ற வெள்ளை இந்த நிறத்தின் அருகில் கடுமையாகத் தெரியும்.

பாம்பன் வாசி

ஒட்டியிருக்கும் அறைகளைப் பற்றியும் யோசியுங்கள், சகோதரி. கூடத்தில் நின்று பார்த்தால் எந்தெந்த அறைகளின் சுவர் கண்ணில் படுகிறதோ, அங்கேயும் இதே நிறத்தின் வெளிர்ந்த சாயல் சிறிதேனும் இருக்க வேண்டும். இல்லையென்றால் கூடம் மட்டும் துண்டாகத் தெரியும்.

இராமநாதபுரம் பெயிண்ட் ஒப்பந்தக்காரர்

கூடத்தில் எமல்ஷன் அடிக்கப் போகும் ஆட்களிடம் அம்மா சொல்ல வேண்டியவை சில உள்ளன. அடர்நிறத்துக்குக் கடைக்காரர் எடுக்கும் அடிப்படை வண்ணத்தில் வெள்ளைப் பொருள் மிகக் குறைவாக இருக்கும். அதனால் அது கீழே உள்ளதை எளிதில் மறைப்பதில்லை. இரண்டு கோட்டு என்று பேசி வேலையைத் தொடங்கினால், மூன்றாவது கோட்டின்போது தகராறு வரும். முன்கூட்டியே மூன்று கோட்டு என்று பேசிக் கொள்ளுங்கள். வண்ணத்துக்கு முன் அடிக்கும் வெள்ளை பிரைமருக்குப் பதிலாக அதே நிறத்தின் வெளிர் சாயல் கலந்த பிரைமர் அடித்தால் மறைப்பு விரைவில் கிடைக்கும். நன்றாகப் பட்டி பார்த்த சுவரில் ஒரு லிட்டர், இரண்டு கோட்டுக்கு ஏறத்தாழ 100 முதல் 140 சதுர அடி வரை வரும். மூன்றாவது கோட்டுக்குத் தனியாகக் கணக்கிடுங்கள்.

தேவையான வண்ணம் முழுவதையும் ஒரே நாளில் இயந்திரத்தில் கலந்து வாங்கி, எல்லா டப்பாக்களையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலக்கிய பிறகு அடிக்கச் சொல்லுங்கள். டப்பாவுக்கு டப்பா நூலிழை வேறுபாடு இருந்தாலும் அடர்நிறத்தில் அது தெரியும். நடுச்சுவரில் வேலையை நிறுத்தவும் விடாதீர்கள். மூலையிலிருந்து மூலை வரை ஒரே மூச்சில் முடித்தால்தான் ரோலர் பட்டை விழாது.

மினுமினுப்பு பற்றி வாடிக்கையாளர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். மினுமினுப்பில்லாத வண்ணம் இந்த நிறத்துக்கு மிக அழகு. ஆனால் நாற்காலி உரசினாலும் நகம் பட்டாலும் வெள்ளைக் கோடு விழும். குழந்தைகள் உள்ள வீட்டில் மெல்லிய மினுமினுப்புள்ள, துடைக்கக் கூடிய வகையை எடுங்கள். சுவர் நெளிவு உள்ளதாக இருந்தால் மட்டும் மினுமினுப்பைத் தவிர்த்துவிடுங்கள்.

கீழக்கரை இல்லத்தரசி

எல்லோருடைய கருத்தையும் வீட்டில் வாசித்துக் காட்டினேன். முன்னறைக்கு மறுபூச்சும் காவிச் சுண்ணாம்பும் என்று உம்மாவே முடிவு செய்துவிட்டார். கூடத்தில் தெற்குச் சன்னல்களுக்கு எதிரில் உள்ள வடக்குச் சுவருக்கு மட்டும் பழுப்புச் சாயலுள்ள டெரகோட்டா எமல்ஷன். தரையோரத்தில் கருப்புப் பட்டை. வெளிச்சம் குறையாது என்றால் தமக்கு மறுப்பில்லை என்று கணவரும் சொல்லிவிட்டார். வேலையை எந்த மாதத்தில் தொடங்குவது என்பது மட்டுமே இப்போது மீதமுள்ள கேள்வி. வெளிநாட்டிலிருந்து என் சகோதரர் ஆவணியில் வருகிறார். அதற்குள் முடிந்தால் நன்றாக இருக்கும்.

சாயல்குடி சுண்ணாம்பு மேஸ்திரி

அம்மா, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மணலையும் உப்பையும் வாரி வீசும். ஈரமான சுவரில் அது அப்படியே ஒட்டும். வெயிலும் காற்றும் சேர்ந்தால் சுண்ணாம்பு ஆறுவதற்கு முன்பே காய்ந்து பொடியாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆகவே சுண்ணாம்பு வேலையை மாசி, பங்குனியில் வைத்துக் கொள்ளுங்கள். மழை விட்டுச் சுவரும் ஓரளவு உலர்ந்திருக்கும், காற்றும் அடங்கியிருக்கும். அதுவரை முன்னறையில் உதிர்ந்த பூச்சை மட்டும் இப்போதே கொத்தி எடுத்துச் சுவரைத் திறந்து விடுங்கள். திறந்து கிடக்கும் மாதங்களில் உப்பு வெளியே வரும். வாரம் ஒருமுறை துடைத்து அள்ளிக் கொண்டே இருக்கலாம்.

இராமநாதபுரம் பெயிண்ட் ஒப்பந்தக்காரர்

கூடத்தின் எமல்ஷன் வேலைக்கு அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. கதவு சன்னல்களைச் சாத்திக் கொண்டு, காற்று குறைந்த காலை நேரத்தில் அடித்தால் உங்கள் சகோதரர் வருவதற்குள் முடித்துவிடலாம். பாலிதீன் தாள் சோதனையை மட்டும் முதலில் செய்யுங்கள். டப்பாவின் மூடியில் ஒட்டியிருக்கும் கலவைச் சீட்டைக் கிழித்து எறியாமல் வைத்துக் கொண்டு, மீதி வண்ணத்தில் அரை லிட்டரைக் காற்றுப் புகாத புட்டியில் ஊற்றி வையுங்கள். ஆணி அடித்த துளையை அடைத்துப் பூசுவதற்கு அதுவே போதும்.